வளைகாப்புக்குக் கொடுத்த பச்சை ஜாடி

நான் யாரையும் லேசில் நம்ப மாட்டேன். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கியதில்லை. வீட்டுக்காரர் காய்ச்சல் என்று படுத்தால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை எடுப்பேன். அப்படிப்பட்டவள் ஒரு டப்பா பச்சைப் பொடியை எப்படி நம்பினேன் என்று நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கங்கைகொண்டான் போகும் சாலையில் எங்கள் வீடு. கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, கரண்டில் ஓடும் சின்னச் சூளை வைத்து, கோப்பையும் ஊறுகாய் ஜாடியும் செய்து விற்கிறேன். மண் பாத்திரத்தை ஒருமுறை சுட்டு, கிளேஸ் கரைசலில் முக்கி, மறுபடியும் சுட வேண்டும். கிளேஸ் என்பது வேறொன்றுமில்லை, மாவாக அரைத்த கல்லும் களிமண்ணும் தண்ணீரும்தான். வாளியில் மோர் மாதிரிக் கிடக்கும். சூடு ஏற ஏற அது உருகிப் பாத்திரத்தின் மேல் கண்ணாடியாகப் படியும். வெள்ளையை நானே கலந்துவிடுவேன். பச்சைதான் எனக்கு வசப்படவே இல்லை. ஒன்று பாசிபோலக் கறுத்துப்போகும், இல்லையென்றால் வெளிறிவிடும்.

டவுனில் ரசாயனச் சாமான் விற்கும் ஒருவர் தயாராகக் கலந்த பச்சை என்று ஒரு டப்பாவைக் கொடுத்தார். டப்பாவின் மேல் ஒரு எழுத்துகூட இல்லை.

"இதுல சோறு கறி வச்சு சாப்பிடலாமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"தாராளமா சாப்பிடலாம் தங்கச்சி. எல்லாரும் இதத்தான பூசுதாங்க."

அந்த 'எல்லாரும்' யார் என்று கேட்டிருக்க வேண்டும். பூசிச் சுட்டதும் வந்த நிறத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாழைக்குருத்து விரியும்போது இருக்குமே, அந்தப் பச்சை. ஒரு ஜாடிக்கு உள்ளும் புறமும் அதையே பூசினேன். தம்பி பெண்டாட்டிக்கு வளைகாப்பு வந்தது. மசக்கை நாளிலிருந்தே அவளுக்கு நார்த்தங்காய் என்றால் உயிர். வெறும் பாத்திரத்தைக் கொடுக்கக் கூடாதில்லையா, நார்த்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி, உப்பு அடைத்து, ஜாடி நிறையப் போட்டுக் கையில் கொடுத்தேன். வளையல் குலுங்க வாங்கிக்கொண்டு, பிரசவத்துக்காக ராதாபுரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் சூளை எரிந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. ஆறவிட்டு மறுநாள் திறந்தேன். சூடு போதுமான அளவுக்கு ஏறியதா என்று பார்க்க உள்ளே ஒரு சின்னக் கூம்பு வைப்போம். சூடு ஏறியிருந்தால் அது தலை சாய்ந்திருக்கும். அன்றைக்கு விறைப்பாக நின்றது. என் வெள்ளைக் கோப்பைகளெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வறவறவென்று இருந்தன. நடுவே அந்தப் பச்சைப் பொடி பூசிய கோப்பைகள் மட்டும் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தன.

காயாக இருக்க வேண்டிய பருவத்தில் மாம்பழம் மஞ்சளாகச் சிரித்தால் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தது என்று அர்த்தம். இவ்வளவு குறைந்த சூட்டில் ஒரு கிளேஸ் உருகுகிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று அதை உருக்கிவிடுகிறது. காரீயம்தான் அந்த வேலையை நன்றாகச் செய்யும். புளிப்பு பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பண்டத்தில் இறங்கும். வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு அது ஆகவே ஆகாது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டு அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டேன். "கம்பெனிக்காரன் சொல்ல மாட்டாம்மா. இப்ப ஏன் அதெல்லாம் கேக்குதிய?" என்றார். மடியில் கனமில்லாதவர் இப்படியா பேசுவார்? நான் ஒரு பச்சைக் கோப்பையில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மூடி வைத்தேன். காலையில் கொட்டிப் பார்த்தால், சாறு நின்ற மட்டத்துக்குக் கீழே பளபளப்பு செத்து வெளிறியிருந்தது. நிறம் மாறாவிட்டால் நல்ல கிளேஸ் என்று சொல்லிவிட முடியாது. மாறினால் அதில் எதையும் போட்டுத் தின்னக் கூடாது.

தம்பி பெண்டாட்டியைப் போனில் கூப்பிட்டு, பதறாத குரலில் ஊறுகாய் எப்படி என்று விசாரித்தேன்.

"அது இல்லாம சோறே எறங்க மாட்டேங்குது மதினி. தெனமும் அதான்" என்றாள்.

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். வள்ளியூர் தாண்டி வெயிலில் பனைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன, ஊர் மட்டும் வரவில்லை. நிறைசூலியிடம் போய் 'நீ தின்றது விஷமோ என்னவோ' என்று எப்படிச் சொல்வது? ஜாடி மூடி சரியில்லை, வேறு செய்து தருகிறேன் என்று சொல்லி வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அவள் அம்மாவை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வாசலில் வந்து "வாங்க" என்றவள், என் குடையையும் வெறும் பையையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். மூடிக் கதையைச் சொன்னேன்.

"குடுத்தத யாராவது திரும்பக் கேப்பாவளா?" என்றாள் சிரிக்காமல். "மொதல்ல சாப்பிடுங்க."

இலை போட்டார்கள். தம்பி பெண்டாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கிண்ணத்தில் நார்த்தங்காய் வந்தது. அவள் ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது என் கை தானாகப் போய் அதைத் தட்டிவிட்டது. கிண்ணம் உருண்டது. கை தவறிவிட்டது என்று சொன்னேன். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவும் சாக்கில் அடுக்களைக்குள் போய் அலமாரியெல்லாம் தேடினேன். ஜாடியைக் காணோம். திரும்பினால் அத்தை வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்தத் தேடுதிய? எம்மக திங்கிறது பொறுக்கலையா ஒங்களுக்கு?"

இதற்குமேல் மறைக்க முடியவில்லை. காரீயம், எலுமிச்சை, வெளிறிய கோப்பை எல்லாவற்றையும் அடிக்குரலில் சொல்லிவிட்டு, "அந்த ஜாடி எங்க அத்தை, அவ எவ்வளவு தின்னா, சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதும்விட்டேன்.

அத்தை கையைப் பைய விடுவித்துக்கொண்டு, "அவ ஒரு துண்டுகூட திங்கல" என்றாள். "நீங்க போட்டுத் தந்தத அன்னைக்கே தென்னமூட்டுல கொட்டிட்டேன். அவ திங்கது நான் போட்டது. அவளுக்கு அது தெரியாது. பாத்திரத்த மாத்திட்டேன்னுதான் சொல்லிருக்கேன்."

"ஏன் கொட்டுனிய?"

"தப்பா நெனைக்காதிய. கல்யாணமாகி இத்தன வருசம் ஒங்களுக்கு ஒண்ணும் தங்கல. அந்த ஏக்கம் இருக்கத்தான செய்யும். அந்தக் கையால வந்தத வயித்துப்புள்ளக்காரிக்குக் குடுக்க எனக்கு மனசு வரல."

பிள்ளை தப்பியது. சுவரில் சாய்ந்தேன். அவள் சொன்ன மற்றது அதற்கப்புறம்தான் உள்ளே இறங்கியது. நான் பொடியைச் சந்தேகப்பட்டேன், கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன், இந்த அம்மாள் ஏதோ ஒளிக்கிறாள் என்றும் சந்தேகப்பட்டேன். என்னைச் சந்தேகப்படுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ஜாடி எங்க?" என்றேன்.

வாசலுக்குக் கூட்டிப்போய், மாடிக் கைப்பிடிச்சுவரைக் காட்டினாள். ஜாடியை அங்கே தெருவைப் பார்க்க, திருஷ்டிக்கென்று வைத்திருந்தாள். உள்ளே மண் நிரப்பி, சோற்றுக்கற்றாழை நட்டு, கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தாள். குடைக்குள் வந்ததால் நான் பார்க்கவில்லை. வெயிலில் அந்தப் பச்சை அப்படி மின்னியது.

"எடுத்துத் தரட்டா?" என்றாள். அவள் குரல் இப்போது தணிந்திருந்தது.

"வேண்டாம், அங்கனயே இருக்கட்டும். அந்தக் கத்தாழைய மட்டும் மருந்துக்குன்னு யாருக்கும் குடுத்துராதிய" என்றேன்.

தம்பி பெண்டாட்டி வாசல்வரை வந்து, "புள்ள பொறந்ததும் மொதல்ல நீங்கதான் மதினி வந்து பாக்கணும்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். ஆனால் அவள் வயிற்றைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டுதான் தலையாட்டினேன்.