சித்திரையில் குளிர் தேடி வந்தவர்

என் பிள்ளைகளே, சித்திரை மாத ரயிலில் கண்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குக் குளிர் தேடி வந்த பெரிய மனிதர். கொழுத்த கழுத்தைக் கைக்குட்டையால் ஓயாமல் ஒற்றிக்கொண்டே இருந்தார். நாவலப்பிட்டி தாண்டிக் குளிர் ஏறியும் சன்னலை மூடவில்லை. எதிரே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் மடியில் கைக்குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

“சன்னலச் சாத்துங்க சார். புள்ளைக்கு நெஞ்சுச் சளிங்க” என்றாள்.

“கொழும்புல மாசியிலேர்ந்து வேகுறோம்மா. மார்கழியிலயும் ஃபேன் வேணும். இந்தக் காத்துக்குத்தான் வர்றேன். உங்களுக்கு வருஷம் பூரா சும்மாவே கெடைக்குதே.”

நான் சாத்தினேன், அவர் சிரித்துக்கொண்டே திறந்தார். குழந்தைக்கு மூச்சு இழுத்தது. ஹட்டனில் அவள் அழுதபடி இறங்கினாள்.

நுவரெலியாவுக்கு இறங்கும் நானுஓயா நிலையத்தில் அவர் நடுங்கிக்கொண்டே காரில் ஏறி, முதல் வேலையாகக் கண்ணாடியை மூடிக்கொண்டார். என்ன பிறவியோ. கார் போனதும், யாருமில்லாத பாதையில் காறித் துப்பிவிட்டு நடந்தேன்.