மணிவேலின் இரண்டாவது கண்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளி மணிவேலின் பட்டறை. அரிவாளும் களைக்கொத்தும் அடிக்கிறார். அவர் குறடால் பிடித்துக்கொள்ள, மனைவி கஸ்தூரி எதிரே நின்று சம்மட்டியால் அடிப்பார். முப்பது வருஷமாக இதுதான் ஏற்பாடு.

போன வருஷம் இலவச முகாமில் அவருடைய வலது கண்ணில் புரை எடுத்தார்கள். வீடு திரும்பியவர் கஸ்தூரியைப் பார்த்து, "உனக்கு எப்ப நரைச்சுது?" என்று கேட்டார். அதோடு நின்றிருந்தால் சிகிச்சை வெற்றி என்றே சொல்லலாம்.

ஓய்வு முடிந்து ஏழு அரிவாள் அடித்தார். ஏழும் வாய் வளைந்து திரும்பி வந்தன. கொண்டுவந்து போட்ட கரும்பு வெட்டும் பரசுராமன் சண்டை போடவில்லை. "வயசாயிடுச்சு இல்லீங்களா," என்று மட்டும் சொன்னார். அதற்குச் சண்டையே போட்டிருக்கலாம்.

காய்ந்த இரும்பைச் சரியான சிவப்பில் தண்ணீரில் தோய்க்க வேண்டும். முந்தினால் பதம் ஏறாது. புதுக் கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்ததால், பாதி காய்ந்ததுமே எடுத்துத் தோய்த்திருக்கிறார். காரணம் புரிந்ததும் வலது கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, புரை விழுந்த இடது கண்ணால் வேலை பார்த்தார். அரிவாள் சரியாக வந்தது.

அந்தக் கண்ணுக்கும் தேதி கொடுத்தார்கள். பங்காளி செத்துவிட்டார் என்று சொல்லிப் போகவில்லை. செத்த பங்காளி அன்று சாயங்காலம் பட்டறைக்கு வந்து டீ குடித்தார். இனியும் தள்ளினால் பார்வையே போய்விடும் என்றார் டாக்டர்.

"கண்ணு போயிடுங்க," என்றார் கஸ்தூரி.

"கலர் தெரியலன்னா சோறு ஏது?"

"கலரு எனக்குத் தெரியும்."

மணிவேல் சிரித்தார். கண்ணில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு உலையிலிருந்து இரும்பை எடுக்கப் போனார்.

"இன்னும் இல்ல."

எரிச்சலோடு நின்றார்.

"இப்ப எடுங்க."

தோய்த்து அரம் போட்டுப் பார்த்தார். அரம் பிடிக்காமல் வழுக்கியது. அப்படி ஒரு பதம்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எதிர நின்னு நானும் அதே இரும்பைத்தான பாக்கறேன்."

இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. இப்போது குறடு கஸ்தூரியிடம், சம்மட்டி மணிவேலிடம். முதல் நாள் நாற்பது அடி அடித்ததுமே தோள் இறங்கிப்போய் உட்கார்ந்துவிட்டார்.

"இவ்ளோ வலிக்கும்னு நீ சொல்லவே இல்லயே?"

"நீங்க கேக்கவே இல்லயே."

அவருக்கு வெட்கமாக இருந்தது.

"எழுந்திருங்க," என்றார் கஸ்தூரி. "இரும்பு ஆறுது."