மேலத்தெருவில் மஞ்சள் வண்டி

கோமுவுக்கு எழுத்துக்கு முன்னால் சக்கரம் வசப்பட்டது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு புளியமடைக்கு அறிவொளி வகுப்பு வந்தபோது மற்றப் பெண்கள் கரும்பலகையைப் பார்த்து எழுத்துக் கூட்டுவார்கள். கோமுவின் கண் மட்டும் வெளியே சுவரில் சாய்த்திருந்த சித்ரலேகா டீச்சரின் சைக்கிளில் இருக்கும்.

"கோமுக்கா, இங்கன பலகையப் பாருங்க" என்பாள் டீச்சர்.

"பலகை எங்க டீச்சர் ஓடிரப் போவுது? அந்த வண்டியல்லா ஓடும். ஒரு நா குடுங்க, நானும் எங்கயாவது போய்ட்டு வாரேன்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. கோமு கேட்டது விளையாட்டுக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

புளியமடை அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் ஓரத்து ஊர். கோமுவின் தெற்குத் தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றினார்கள். சுற்றிய பீடியைக் கூடையில் அடுக்கித் தலையில் சுமந்து பக்கத்து ஊர்ப் பீடிக்கடைக்குக் கொண்டு போக வேண்டும். வெயிலில் நடந்து போய்ச் சேர்வதற்குள் பீடியைச் சோதித்து எடுக்கிற செக்கர் சாப்பிடக் கையைக் கழுவிவிட்டு, "நாளைக்கு வா" என்பார். மறுநாள் அதே பீடியை நசநசத்துவிட்டது என்று சொல்லிக் கழித்துப்போடுவார். ஒரு நாள் உழைப்பு ஒரு ஆளின் சாப்பாட்டு நேரத்துக்குப் பலியாகும். இதை விதி என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை அந்தக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து பார்க்கட்டும்.

சித்ரலேகா மேலத்தெருப் பெண். ஊர்ப் பெரியவர் தில்லைநாயகத்தின் தம்பி மகள். அவள் அம்பாசமுத்திரத்தில் வீடு வீடாக ஏறி, பின்கட்டில் துருப்பிடித்துக் கிடந்த பழைய சைக்கிள்களைக் கேட்டு வாங்கி, ஒரு மினி லாரியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினாள். ஊர் முகப்பில் சரக்கு வைக்கக் கட்டிச் சும்மா கிடந்த பஞ்சாயத்துக் கிட்டங்கி அவற்றுக்கு வீடாயிற்று. வண்டிகள் யாருக்கும் சொந்தமில்லை. எந்தத் தெருக்காரரும் எடுக்கலாம். பொழுது சாய்வதற்குள் துடைத்து, காற்றடித்து நிறுத்திவிட வேண்டும். பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது என்று டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் கோமு எழுந்து நின்றுவிட்டாள்.

அம்பாசமுத்திரத்துச் சைக்கிள் கடை முகம்மது இப்ராஹிம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் காட்டிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்டை எல்லா வண்டிக்கும் கோமுவே பூசினாள். அதிலிருந்து அவை மஞ்ச வண்டி.

அவள் கணவன் மந்திரமூர்த்திக்கு இது பிடிபடவில்லை. "ஏட்டி, கூலி இல்லாம எவளாவது ஊரு வண்டிக்கு எண்ண போடுவாளா?"

"அம்மன் கொடைக்கு நீரு வருசா வருசம் பந்தக்கால் நடுதீரே, அம்மன் உமக்குச் சம்பளம் குடுக்காளா?"

"அது சாமி காரியம்ளா."

"இது ஆம்பளை பொம்பளை எல்லாரும் ஏறிப் போற காரியம். அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது."

ஆண்கள் ஓட்டுகிற குறுக்குக் கம்பி வைத்த வண்டிதான். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் கால் போடக் கோமு பழகினாள். வாய்க்காலில் விழுந்தாள், முழங்கை உரிந்தது, மறுபடி ஏறினாள். தெற்குத் தெருப் பெண்களுக்கு அவளே பின்னால் பிடித்து ஓடிக் கற்றுக்கொடுத்தாள். ஆனி மாதத்தில் பீடிக்கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு முதல் தடவையாகக் கடைக்குக் கிளம்பினாள்.

கடைக்குப் போகிற வழி மேலத்தெரு. தெற்குத் தெருக்காரர் யாரும் அந்தத் தெருவில் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. இறங்கி, கடைசி வீடு தாண்டும் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். கேட்டால் தெருக்கோடியில் பிள்ளையார் இருக்கிறார் என்பார்கள். அவர் முன்னால் டிராக்டர் போகிறது, எருமை போகிறது, மேலத்தெருப் பிள்ளைகள் ஹேண்டில் பாரை விட்டுவிட்டுக் கையை விரித்துக்கொண்டு போகிறார்கள். எலியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பிள்ளையாருக்குக் கோமு சீட்டில் உட்கார்ந்தால்தான் மரியாதை குறைகிறதாம்!

தெரு முனை வந்ததும் கோமு இறங்கினாள். யாரும் சொல்லவில்லை. தெருவில் ஆள்கூட இல்லை. கால் தானாகத் தரையைத் தொட்டுவிட்டது. கடைசி வீடு வரை தள்ளிக்கொண்டு போன பிறகுதான் தான் செய்தது உறைத்தது. செக்கரிடம் நேரத்தில் பீடியைக் கொடுத்தும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. திட்டு வாங்கி இறங்கியிருந்தால்கூட ஆறியிருக்கும். தன் கால் தன்னைக் கேட்காமல் இறங்கியது ஆறவில்லை.

மறுநாள் அவள் இறங்கவில்லை. பாதித் தெருவில் தில்லைநாயகம் குறுக்கே வந்து நின்றார்.

"ஏளா கோமு, எறங்கு."

"எதுக்கு அண்ணாச்சி?"

தெற்குத் தெரு அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடும். அண்ணாச்சி என்றதில் அவர் முகம் கறுத்தது. "எதுக்கா? கிட்டங்கிச் சாவி பஞ்சாயத்துக்குச் சொந்தம். பூட்டிப் போட்டேம்னா வண்டியப் பூரா துரு தின்னுரும், பாத்துக்க."

சித்ரலேகா ஓடி வந்தாள். "பெரியப்பா, அடுத்த வாரம் அறிவொளித் திட்டத்து அதிகாரி பார்வைக்கு வாராவ. தெற்குத் தெருக்காரி ஏறி வந்தான்னு கிட்டங்கியப் பூட்டினியன்னா, நானே அவியகிட்ட சொல்லுவேன். பேப்பர்லயும் வரும்."

தில்லைநாயகம் விவரமானவர். அன்று சாயங்காலம் பிள்ளையார் கோவில் முன்னால் ஊரைக் கூட்டி, எந்த அதிகாரி கேட்டாலும் குற்றம் சொல்ல முடியாதபடி ஒரு சட்டம் போட்டார்: மஞ்ச வண்டி பொது வண்டி. மேலத்தெருவில் அதை ஏறி ஓட்டக் கூடாது. யாரா இருந்தாலும் சரி.

மேலத்தெரு தலையாட்டியது. தங்களைச் சொல்லவில்லை என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

கோமுவும் தலையாட்டினாள். "சரி அண்ணாச்சி. யாரா இருந்தாலும்."

"நல்ல புத்தி வந்துட்டு போலயே" என்றான் மந்திரமூர்த்தி வீட்டில்.

"இரும். அவியளுக்கும் வரட்டும்."

மறுநாளிலிருந்து வண்டி எடுக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள்: தெருவில் இறங்கித் தள்ளணும், ஏறி ஓட்டினால் நாளைக்கு வண்டி இல்லை. மேலத்தெருவில் நிலம் கை மாறிப் போய், பேர் மட்டும் மிஞ்சிய வீடுகள் பாதி. டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிற பெண்களும் கல்லூரிப் பையன்களும் மஞ்ச வண்டியை நம்பித்தான் இருந்தார்கள். அத்தனை பேரும் தங்கள் வீட்டு வாசலுக்குத் தாங்களே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒளிந்து ஏறிய ஒரு பையனுக்கு மறுநாள் வண்டி இல்லை. அவன் அம்மா கிட்டங்கிக்கே வந்து கத்தினாள்.

"எம் புள்ளைக்கா வண்டி இல்லன்னு சொல்லுத? நாங்க எந்தத் தெரு, தெரியுமாளா?"

"தெரியும்க்கா. சட்டம் போட்ட தெரு."

அந்த அம்மாள் போய்த் தில்லைநாயகத்திடம் என்ன பேசினாளோ, அவர் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. ஆனாலும் சட்டம் அப்படியே இருந்தது. எடுத்தால் கோமுவும் ஏறி வருவாளே!

ஐப்பசி வந்தது. தில்லைநாயகத்தின் மகளுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளை குமரகுருபரன் பாளையங்கோட்டையில் அரசாங்க உத்தியோகம். பஸ் நிறுத்தத்திலிருந்து கூட்டி வர அம்பாசமுத்திரத்தில் கார் சொல்லியிருந்தார். முந்தின ராத்திரி மழையில் பாதையில் தண்ணீர் ஏறிக் கார்க்காரன் வரவில்லை. வேறு வழியில்லாமல் தில்லைநாயகமே கிட்டங்கி வாசலில் வந்து நின்றார்.

"நல்லதாப் பாத்து மூணு வண்டி குடு. சித்ரா போய்க் கூட்டியாரட்டும். நீயும் போ, சாமான் இருக்கும்."

"தாரேன் அண்ணாச்சி. தெருவுல எறங்கணும், நெனப்பிருக்குல்லா?"

அவர் காதில் விழாத மாதிரி நடந்துவிட்டார்.

போகும்போது கோமு ஒரு கையால் பக்கத்தில் உருட்டிப் போன வண்டியில் திரும்பும்போது மாப்பிள்ளை. சித்ரலேகாவின் கேரியரில் அவள் அக்கா, அதாவது புதுப்பெண். கோமுவின் கேரியரில் மாப்பிள்ளையின் சூட்கேஸ். மாமனார் வீட்டில் உடுத்த வேண்டிய பட்டு வேட்டி அதற்குள் இருந்தது. பழைய டியூபைக் கிழித்த ரப்பரால் கோமு அதைச் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். அந்த முடிச்சை அவிழ்க்கக் கத்தி வேண்டும்.

மேலத்தெரு முனையில் சேறு கணுக்கால் ஆழம். சித்ரலேகா இறங்கினாள். கோமுவும் இறங்கினாள்.

"என்ன, ஏன் எறங்கிட்டீங்க?" என்றான் குமரகுருபரன்.

"நீங்களும் எறங்கணும் அத்தான். மஞ்ச வண்டிய இந்தத் தெருவுல ஓட்டக் கூடாது. பெரியப்பா போட்ட சட்டம்."

குமரகுருபரன் தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தான். சேற்றைப் பார்த்தான். தெருவின் நடுவில், ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்கிற வாசலைப் பார்த்தான். மாப்பிள்ளை முறுக்குக்கு வருஷத்தில் இதைவிட நல்ல நாள் ஏது? அங்கேயே ஓரத்துக் கல்லில் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டான். "நான் தள்ளிக்கிட்டு வரமாட்டேன்."

தில்லைநாயகம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "மாப்ள, நீங்க ஏறி வாங்க! உங்களுக்கென்ன!"

"எனக்கு மட்டுமா? எம் பொண்டாட்டி சேத்துல நடந்து வரவா? எம் பெட்டி அந்தம்மா வண்டியில இருக்கு. அது முன்னால போய்ச் சேராம நான் உள்ள வந்து எதை உடுத்த?"

"பெட்டிய அவுத்துத் தூக்கியாரச் சொல்லுதேன்..." என்று அவர் கேரியரில் கை வைத்தார். ரப்பர் அசையவில்லை. இழுத்ததில் சூட்கேஸ் சரிந்து சேற்றுக்கு மேலே தொங்கியது.

"மாமா, விடுங்க! எல்லாரும் ஏறி வந்தா வாரேன். இல்லன்னா இதே பஸ்ஸு திரும்பும்போது ஏறிப் போயிருவேன்."

குமரகுருபரனுக்கு நியாயமும் தெரியாது, அநியாயமும் தெரியாது. அவனுக்கு வேட்டிதான் முக்கியம். ஆனால் இந்த ஊரில் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு திரும்புவதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது. மனிதர்கள் கேட்டுக் கிடைக்காததை ஒரு பட்டு வேட்டி கேட்டது.

தில்லைநாயகம் தெருவைத் திரும்பிப் பார்த்தார். வாசல் வாசலாக ஆட்கள். "சரி... ஏறி வாங்க எல்லாரும்."

அப்போதும் கோமு ஏறவில்லை. ஹேண்டில் பாரைப் பிடித்தபடி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்: "யாரா இருந்தாலுமா அண்ணாச்சி?"

டைப்ரைட்டிங் பெண்கள் இரண்டு பேர் வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"யாரா இருந்தாலும்."

கோமு சேலையை ஏற்றிச் செருகினாள். கம்பிக்கு அந்தப் பக்கம் கால் போட்டாள். பெட்டி முன்னால் போக வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தபடியால் அவள்தான் முதலில் போனாள். சேற்றில் சக்கரம் வழுக்கியது. விழுந்தால் தெரு ஆயுசுக்கும் சிரிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். பிள்ளையார் அப்படியே இருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

தீபாவளி கழிந்ததும், அது ஒரு நாளைக்குச் சொன்னது என்று தில்லைநாயகம் ஆரம்பித்தார். ஆதரிக்க ஆளில்லை. பிள்ளைகள் தள்ளித் தள்ளிச் சலித்த தாய்மார்களே, "போதும்வே உம்ம சட்டம்" என்றார்கள். அதற்குள் தெற்குத் தெருப் பெண்கள் பீடிக்கூடைகளோடு வரிசையாக மேலத்தெரு வழியே போக ஆரம்பித்திருந்தார்கள். முறைப்புகள் இருந்தன. ஒரு நாள் முள் போட்டிருந்தார்கள். கோமு பஞ்சர் ஒட்டிவிட்டு மறுபடி அதே வழியில் போனாள். அவளுக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. சைக்கிளில் இருந்து இறங்காமல் பீடிக்கடை வாசல் வரை வரிசையில் முன்னால் போகிற பெண்ணின் முதுகைப் பின்னால் இருந்து பார்த்துத் தானும் நிமிர்ந்துகொள்வாள். அது போதும்.

தை மாதம் ஒரு நாள் மந்திரமூர்த்தியைக் கேரியரில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். கங்கைகொண்டானில் அவனுக்குக் கட்டட வேலை கிடைத்திருந்தது. மேலத்தெரு முனை வந்ததும் பின்பாரம் குறைந்தது. திரும்பிப் பார்த்தாள். மந்திரமூர்த்தி குதித்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். அப்பா காலத்துப் பழக்கம்.

கோமு மிதிப்பதை நிறுத்தவில்லை.

"ஏட்டி, நில்லுட்டி! பஸ்ஸு போயிரும்!"

"செருப்பக் கால்ல போட்டுட்டு ஓடியாரும்! ஓடியாந்து ஏறும்! நான் இங்கன எறங்குததா இல்ல!"

ஒரு கணம் அவன் தெருவைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கீழே போட்டு மாட்டினான். அவள் கொஞ்சம் பைய மிதித்தாள். தில்லைநாயகத்தின் வீட்டுக்கு நேர் எதிரே, ஓடி வந்து, ஒரே தாவில் கேரியரில் ஏறி உட்கார்ந்தான்.