ஹேர்பின் மரம்

ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் எங்கள் பள்ளியில் பெண்களை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பகுதி சயின்ஸ், மறுபகுதி மனையியல். என் மதிப்பெண்கள் என்னை நேராக மனையியலுக்கு அழைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. வீட்டில் ஒருமுறை நான் வைத்த ரசத்தைப் பார்த்துவிட்டு அப்பா, "ஏம்மா, இது கை கழுவவா?" என்று கேட்டவர். ஆகவே எனக்கு அங்கேயும் எதிர்காலம் இல்லை. ஆனால் சயின்ஸ் லேப் வாசலில் வரும் ஸ்பிரிட் வாசனைக்காகவே உள்ளே போக ஆசைப்பட்டேன். அது நிஜமான ஆசை.

சயின்ஸ் மிஸ் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்.

"எக்ஸிபிஷனுக்கு உருப்படியா ஒண்ணு செய். ஜட்ஜ் கேக்கறதுக்குப் பதில் சொல்லிட்டேன்னா, எச்.எம். கிட்ட நான் பேசறேன்."

காந்தத்தைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, அதன்கீழ் இரும்புத் துண்டுகளைச் சரம் சரமாகப் பிடிக்க வைத்து, நூலும் பசையும் இல்லாமல் ஒரு தலைகீழ் மரம் செய்வது என் திட்டம். லேபில் இருந்த காந்தமோ நாலு குண்டூசியைத் தூக்கவே யோசித்தது. தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் மைக் செட் வாடகைக்கு விடும் பாயிடம் போனேன். துணைக்கு என் பெஞ்சுக்காரி, தினமும் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ரயிலில் வருபவள்.

"காந்தமா? கீது, கீது," என்றார் பாய். "திருநீர்மலை உற்சவத்துல கத்திக் கத்தித் தொண்ட போன ஸ்பீக்கர் ஒண்ணு கீது. கயட்டித் தரேன். இன்னாத்துக்கும்மா?"

"மரம் செய்ய பாய்."

"காந்தத்துலயா? நல்லா வளக்குறாங்கம்மா ஸ்கூல்ல!"

வளையல் போல வட்டமான, கனத்த காந்தம். சும்மாவே கொடுத்தார்.

இனி இலைகள் வேண்டும். குண்டூசி சின்னது, ஆணி கனம். அப்போதுதான் முன் வரிசைத் தலைகளைப் பார்த்தேன். வகுப்பில் மொத்தம் முப்பது பெண்கள், அத்தனை பேருக்கும் ரெட்டைப் பின்னல், எல்லாவற்றிலும் கறுப்பு ஹேர்பின். மதிய இடைவேளையில் வசூலித்து, மரம் கட்டிப் பார்த்து, கடைசி மணி அடித்ததும் திருப்பிக் கொடுப்பேன். பின் இல்லாமல் வீட்டுக்குப் போனால் எல்லோருக்கும் திட்டு விழும். பெஞ்சுக்காரியின் முடி பனைநார் மாதிரி. அவளுடையது மட்டுமே எட்டு பின்.

மின்சார ரயில் போகும்போதெல்லாம் லேப் அதிர்ந்து ஒரு கிளை உதிரும். மறுபடி ஒட்டவைப்பேன். ஒரு வாரம் இப்படியே போயிற்று.

எக்ஸிபிஷன் அன்று காலை பெஞ்சுக்காரி நான் நீட்டிய கையைத் தட்டிவிட்டாள்.

"தரமாட்டேன், போடி! நீ திருப்பிக் குடுத்ததுலேருந்து ஒண்ணை எடுத்தா நாலு சேந்து வருது. நேத்து எங்கம்மா ஒரு கொத்து முடியோட பிடுங்கிட்டாங்க."

எட்டு இலை குறைந்து, என் மரம் ஒரு பக்கம் மொட்டையாகத் தொங்கியது.

ஜட்ஜாக வந்த கல்லூரி சார் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மிஸ் அவருக்குப் பின்னால் நின்று கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கும்மா. காந்தத்தை எடுத்துட்டா இந்தப் பின்களோட காந்த சக்தி என்ன ஆகும்?"

"போயிடும் சார்," என்றேன், ஒரு துளி சந்தேகம்கூட இல்லாமல்.

மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"எங்க போச்சு? ஒரு வாரமா என் தலையிலதானே இருக்கு!"

பெஞ்சுக்காரிதான். கோபத்தில் சார் இருப்பதையே மறந்துவிட்டாள். சார் மேஜை மேலிருந்த திசைகாட்டியை எடுத்து, "இங்க வாம்மா," என்று அவள் காதருகே கொண்டுபோனார். வடக்கு பார்த்து நின்ற முள் விசுக்கென்று அவள் பின்னல் பக்கம் திரும்பியது. ஹால் முழுக்கச் சிரிப்பு.

"ஏன் அப்படி?" சார் என்னைத்தான் கேட்டார்.

புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. நான் நெட்டுருப் போட்டு, பரீட்சையில் மாற்றி எழுதி, சுழி வாங்கிய வரி. அவள் தலையைப் பார்த்ததும் அது முதல்முறையாக எனக்குப் புரிந்தது.

"ஹேர்பின் எஃகு சார். தேனிரும்பா இருந்தா காந்தத்தை எடுத்ததும் விட்டுடும். எஃகு விடாது. நான் முதல்ல சொன்னது தப்பு."

சார் தலையாட்டினார். மிஸ் கைக்குட்டையைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சயின்ஸ் பிரிவுப் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது, வேறு மையில். அதற்கு மேலே எங்கோ பெஞ்சுக்காரியின் பெயர். அவளுக்கு அந்த இடம் எப்படியும் கிடைத்திருக்கும். அன்று அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் கிடைத்திருக்கும்.

நன்றிக்கடனாக அவள் பின்களைச் சரிசெய்து தருவதாகச் சொன்னேன். சூடாக்கினால் காந்தம் போய்விடும் என்பதும் புத்தகத்தில் இருந்ததுதான். எட்டையும் ஸ்பிரிட் விளக்கில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்தேன். காந்தம் போய்விட்டது. கறுப்புப் பூச்சும் போய்விட்டது. எஃகின் விறைப்பும் போய், தலையில் செருகினால் வாயைப் பிளந்துகொண்டு வழுக்கி விழுந்தன.

அவள் ஒன்றைக் கையில் வைத்து வளைத்துப் பார்த்தாள். அது வளைந்தபடியே நின்றது.

"இதுக்காடி உன்னை சயின்ஸுக்கு அனுப்பினேன்?" என்றாள்.

அந்த வருஷத்தின் மிச்ச நாளெல்லாம் வெறும் ரிப்பனோடு வந்தாள். பத்தாம் வகுப்பு முதல் நாள், லேபில் எனக்குப் பக்கத்து ஸ்டூலைத் தன் பையை வைத்துப் பிடித்துவைத்திருந்தவளும் அவள்தான்.