விடுமுறையில் மட்டும் வரும் நோய்

யூன் ஹேதாம் போட்ட முதல் அட்டவணையைப் பார்த்துவிட்டு டீம் லீடர் பியோ, "கூட்டல் சரியா இருக்கே" என்றார். அந்த மாகாண நலவாழ்வுக் கொள்கை அலுவலகத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பள்ளிச் சமையலறைப் பெண்கள் ஓராண்டில் எத்தனை நாள் நோய் விடுப்பு எடுத்தார்கள் என்ற கணக்கு அது. ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே அவர்கள் ஆரோக்கியமானவர்கள். ஆகவே பள்ளி பள்ளியாகப் போகும் மருத்துவப் பரிசோதனை வண்டி அடுத்த ஆண்டு தேவையில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நிறுத்திவிடுவார்கள்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி ஹேதாம். வேலை விண்ணப்பத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் 'கல்வித் துறை' என்று எழுதியிருந்தாள். அம்மா மா பொக்சூன் பதினெட்டு வருடமாக ஒரு தொடக்கப் பள்ளியில் எண்ணூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள். எழுதியது பொய்யில்லை என்று ஹேதாம் பலமுறை தனக்கே சொல்லிக்கொண்டதுண்டு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் குளிர்காலத்துக்கான கிம்ச்சி, அதாவது கோஸ் ஊறுகாய், போட்டார்கள். அம்மாவோடு வேலை செய்யும் ஓக்பூனும் சுன்னேவும் வந்திருந்தார்கள்.

"ஜனவரி நாலாந்தேதி எனக்கு மணிக்கட்டு ஆபரேஷன்," என்றாள் ஓக்பூன், கோஸில் மிளகாய் விழுதைத் தடவியபடி.

"அன்னிக்குத்தான்க்கா எனக்குத் தோள்பட்டை. ரெண்டு பேரும் படுத்துட்டா கஞ்சி யாரு கொண்டாருவா? நீ பத்தாந்தேதிக்குத் தள்ளிக்கோ," என்றாள் சுன்னே.

"டூர் போற மாதிரி பேசுறீங்களே சித்தி! வலி இப்பவே இருக்குல்ல, இப்பவே போங்களேன்," என்றாள் ஹேதாம்.

"படிச்ச புள்ள கேக்குற கேள்வியப் பாரு," என்றாள் ஓக்பூன். "நான் படுத்தா பதிலுக்கு ஆளு வருமா? என் அண்டாவயும் ஒங்கம்மாதான் தூக்கணும். பள்ளிக்கூடம் லீவு விட்டாத்தாண்டி எங்களுக்குச் சீக்கு வரணும்."

ஜனவரியில் வரும் பள்ளி விடுமுறையில் அவர்களுக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாத நாளில் நோய் விடுப்பும் இல்லை. போன குளிர்காலத்தில் அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தபோது கஞ்சி கொண்டுபோனவள் ஹேதாம்தான். அதே கைதான் பூஜ்யமும் போட்டது. மறந்து போட்டோமா, கட்டத்தில் இடமில்லை என்று விட்டோமா? கோஸ் தீரும்வரை யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா, யாரு யாருக்கு எப்ப ஆபரேஷன்னு எழுதித் தா."

"எதுக்குடி? கை வெளங்காதவளுகன்னு வீட்டுக்கு அனுப்பவா?"

"பேரு வேண்டாம். தேதி போதும்."

மூன்று நாள் போனில் சண்டை. புதன்கிழமை ஒரு தாளின் படம் வந்தது. ஒன்பது பள்ளிகள், நாற்பத்து மூன்று பெண்கள், இரண்டு குளிர்கால விடுமுறை, இருபத்தாறு அறுவைச் சிகிச்சைகள். பெயர் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் பியோ அதை இரண்டு முறை படித்தார். "இது எங்க கெடச்சுது?"

"எங்கம்மா சமையல்காரம்மா சார்."

"கல்வித் துறைன்னுல்ல எழுதியிருந்த?"

"ஸ்கூல்லதான் சார் சமைக்கிறாங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு 'விடுமுறை' என்று இன்னொரு கட்டம் சேர்க்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வண்டி தப்பியது. ஏப்ரலில் வரும் என்று தீர்மானம் எழுதினார்கள். ஹேதாம் உடனே அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"ஏப்ரல்லயா? பள்ளிக்கூடம் நடக்குறப்பவா? நாங்க வண்டியில ஏறிப் படுத்துட்டா எண்ணூறு பேருக்கு யாருடி சமைப்பா? ஒங்க டீம் லீடரா?"

திங்கட்கிழமை பியோ கோட்டைக் கழற்றும் முன்பே ஹேதாம் அவர் மேஜை முன் நின்றாள்.

"வண்டி ஜனவரியில வரணும் சார்."

"ஜனவரியில டாக்டருங்க லீவுல போவாங்களேம்மா."

"அவங்களுக்குப் பதில் ஆளு வரும்ல சார்?"

 பியோ, கோட்டு ஒரு கையில் தொங்க, போனை எடுத்து வண்டிப் பிரிவின் எண்ணை அழுத்தினார்.