முன் சீட்டுக்கு அடியில் ஈரம்

எங்கள் அக்கா டாக்ஸி ஓட்டுகிறாள். ஸ்டாண்டில் அவளுக்கு 'மோப்பம்' என்று பட்டப்பெயர். கதவைத் திறந்ததும் மூக்கை உள்ளே நீட்டி ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் உட்காருவாள். தையல் கடையில் ஓர் இடத்தில் உட்கார முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவள். ஆனால் வண்டிக்கு ஏதாவது என்றால் மட்டும் எங்கிருந்துதான் வருமோ அப்படியொரு நிதானம். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு எனக்கு நிதானம் என்ற சொல்லே ஆகவில்லை. கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர் வருகிறார்! வீட்டுக்கு வர நேரமில்லை. சரக்கு இறக்கும் வரை துறைமுகத்தில் கப்பல் நிற்கும், மத்தியானம் கிளம்பிவிடும். அவர் போனபோது வயிற்றில் இருந்த மகள் இப்போது வீடெல்லாம் ஓடுகிறாள். அப்பா என்றால் அவளுக்குப் போனில் பேசும் ஒரு முகம், அவ்வளவுதான். இன்று விட்டால் அடுத்த வருடம்தான்.

விடியற்காலைக் குளிரில் மலையிலிருந்து இறங்கினோம். ஹீட்டர் கதகதப்பாக ஊதியது. முன் சீட்டில் என் மாமியார், அவர் மடியில் குழந்தை. பின்னால் நான், வாய் ஓயாமல். பாதி வழியில் மாமியார் அலறினார்.

"ஐயையோ, காலெல்லாம் ஈரம்! உன் பொண்ணு வேலையைக் காட்டிட்டா!"

"கிளம்பும்போதுதானே அத்தை போக வச்சேன்!"

"பின்ன நானா போனேன்?"

குழந்தை உதட்டைப் பிதுக்கியது. அக்கா முன் கண்ணாடியைப் பார்த்தாள். உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. துணியால் துடைத்தால் பிசுக்காக இழுபட்டது. அந்த நேரம் பார்த்து ஹீட்டர் காற்றும் ஜில்லென்று மாறியது. வண்டியை ஓரங்கட்டி, குழந்தையின் கவுனைத் தடவினாள். நன்றாகக் காய்ந்திருந்தது. குனிந்து கால்மிதியைத் தொட்டு, விரலை மோந்து பார்த்தாள்.

"இனிப்பு வாடை அடிக்குது. பச்சப்பிள்ளை மேல பழி போடாதீங்க அத்தை. ஹீட்டர் ஒழுகுது. இன்ஜின்ல ஓடுற தண்ணிதான் இது. பிள்ளை கை வைக்காம பார்த்துக்கங்க, அதுல கலந்திருக்கிற மருந்து விஷம்."

"ஹீட்டர்தானே? குளிர்லயே போயிடலாம். எடுக்கா வண்டிய!" என்றேன்.

"ஜில்லுனு ஊதுச்சுல்ல? உள்ள தண்ணி குறைஞ்சுபோச்சு. இப்படியே போனா இன்ஜினே வெந்துடும்."

பானெட்டைத் தூக்கியதும் நான் பாய்ந்துபோய் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை நீட்டினேன். அந்தக் கையில் பளாரென்று ஒன்று விழுந்தது.

"கொதிச்சுக்கிட்டு இருக்குடி! மூஞ்சி வெந்துபோனா உன் வீட்டுக்காரர் உன்னை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்?"

ஆறும் வரை சாலையோரம் குறுக்கும் நெடுக்கும் நடந்து, அக்காவையும் ஹீட்டரையும் மனதுக்குள் மாறிமாறித் திட்டினேன். பிறகு அவள் ஹீட்டருக்குப் போகும் குழாய், வரும் குழாய் இரண்டையும் கழற்றினாள். நீளமானதை மட்டும் வளைத்து, இன்ஜினிலிருந்து இன்ஜினுக்கே மாட்டி இறுக்கினாள். இனித் தண்ணீர் ஹீட்டர் பக்கம் எட்டிப்பார்க்காது. கேனிலிருந்த தண்ணீரை ஊற்றி, கையைத் துடைத்துக்கொண்டு, "ஏறுங்க" என்றாள்.

கண்ணாடியில் ஆவி படியாதிருக்க ஜன்னல்களை இறக்கிவிட்டு ஓட்டினாள். குளிரில் எல்லோருக்கும் பல் தந்தியடித்தது. மாமியார் தன் சால்வையைக் கழற்றிக் குழந்தையைச் சுற்றிப் போர்த்தினார். சூடு காட்டும் முள் ஏறுகிறதா என்று மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு வந்தோம். அது அசையவே இல்லை!

கடல் தெரிந்தது. கப்பல் இன்னும் கிளம்பாமல் நின்றது! நான் போட்ட கூச்சலில் குழந்தை மிரண்டுபோனது.

துறைமுக வாசலில் வெள்ளைச் சீருடையில் அவர் நின்றார். குழந்தை என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தது. "கண்ணு" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டார். போனில் கேட்ட அதே குரல். அவள் தலையைத் திருப்பி, கையை நீட்டிவிட்டாள். அள்ளித் தூக்கிக்கொண்டார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் சட்டையில் ஈரம் பரவியது.

"அது ஹீட்டர் தண்ணிப்பா, ஹீட்டர் தண்ணி!" என்று மாமியார் முந்திக்கொண்டார்.

அக்கா கிட்டே போய் மூக்கை நீட்டினாள்.

"இது ஹீட்டர் இல்ல."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார், பிள்ளையை மட்டும் கீழே இறக்கவில்லை. சங்கு ஊதியதும் என்னிடம் தந்துவிட்டு, அந்த ஈரச் சட்டையோடேயே கப்பலேறினார்.