அறுப்புப் பண்டிகையில் என் கம்பு

யுத்த காலத்தில் நின்றுபோன ரயில் போடிக்கு மறுபடி ஓடத் தொடங்கிய வருஷம், ஐப்பசி மாதம், நான் உலக்கையை ஊன்றி நடக்கும் நிலைமைக்கு வந்தேன். அந்தக் குழியிலிருந்து கர்த்தர் என்னைத் தூக்கிவிட்டார். அதை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன், பிரியமானவர்களே.

என் பெயர் ஞானமுத்து. ஏலக்காய்க் கடையில் வேலை. கடையில் உட்கார்ந்து காயைத் தரம் பார்ப்பேன். பறிப்புக் காலத்தில் குரங்கணிக்கும் அதற்கு மேலே தோட்டங்களுக்கும் போய், முதலாளிக்காகச் சரக்கைப் பார்த்து வாங்குவேன். சிறு வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிவிட்டது. கக்கத்தில் கொடுத்து ஊன்றும் கம்பு ஒன்று வைத்திருந்தேன். மலையேற முதலாளி ஒரு மட்டக்குதிரை கொடுத்திருந்தார். இரண்டும் இருந்தவரை எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. சபையாருக்குத்தான் தெரிந்தது. ஜெபக்கூட்டத்தில் மற்றவர்களிடம், "உங்களுக்கு என்ன விண்ணப்பம்?" என்று கேட்பார்கள். என்னிடம் கேட்பதில்லை. நேராக என் காலுக்கு ஜெபிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த ரயிலில் ஒரு பிரசங்கியார் வந்தார். சுகமளிக்கும் கூட்டம் என்றார்கள். நான் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பிரசங்கியார் தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு என் கம்பை உருவி, சபைச் செயலாளர் தாவீது அண்ணனிடம் கொடுத்துவிட்டு, "நில்" என்றார்.

நின்றேன். ஒற்றைக் காலில் நிற்பது எனக்குப் புதிதல்ல. தினமும் அப்படி நின்றுதான் சவரம் செய்கிறேன். சபையார் அதைப் பார்த்ததில்லை. கோயில் அதிர அல்லேலூயா சொன்னார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் தோள் கொடுத்து என்னை நடக்க வைத்தார்கள். அப்படி இரண்டு பேர் கிடைத்தால் நான் மதுரை வரைக்கும் நடப்பேன்.

பிரசங்கியார் மறுநாள் ரயிலேறிவிட்டார். கம்பு கோயில் சுவரில் தொங்கியது. அதற்குச் செவ்வந்தி மாலை வேறு.

தாவீது அண்ணனிடம் போய்க் கம்பைத் திருப்பிக் கேட்டேன்.

"என்னப்பா ஞானமுத்து, கானானுக்கு வந்துட்டு எகிப்துக்குத் திரும்பணுங்கிற?" என்றார்.

"எகிப்துக்கு இல்லண்ணே. கடைக்குப் போகணும்."

"விசுவாசத்தோட காலை எடுத்து வை."

எடுத்து வைத்தேன். அவர் வீட்டு வாசலில் விழுந்தேன். "முதல்ல அப்படித்தான் இருக்கும்" என்று தூக்கிவிட்டார்.

தச்சரிடம் வேறு கம்பு கேட்டேன். அவரும் நம் சபைதான். "நான் செஞ்சு குடுத்தா ஊழியக்காரர் வாக்கைப் பொய்யாக்கின மாதிரி ஆயிடாதா?" என்று உளியைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் வீட்டு உலக்கையை எடுத்தேன். அதற்கும் தடை வந்தது. "சோலி முடிஞ்சா அதை இப்படிக் கொண்டாங்க, மாவு இடிக்கணும்" என்பாள் என் மனைவி எஸ்தர். அவள் மாவு இடிக்கிற நேரமெல்லாம் நான் வீட்டுக்குள் கட்டுண்டு கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை உலக்கையோடு கோயிலுக்குப் போனோம். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று எல்லோரும் அவ்வளவு கவனமாக இருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் எந்த நிச்சயதார்த்தத்திலும் என்னை முன்வரிசையில் உட்கார வைத்ததில்லை. நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் என்னைத் தெருவில் கண்டால் நின்று, நான் கடந்த பிறகுதான் போவார்கள். இப்போது கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்கள். கால் அதேதான். நான் நடந்த லட்சணம் முன்னைவிட மோசம். மரியாதை மட்டும் கூடிவிட்டது.

செய்தி முதலாளி காதுக்கும் போனது. அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "கால்தான் சரியாயிடுச்சே. குதிரையைச் சரக்குச் சுமக்க விட்டுட்டேன். திங்கட்கிழமை பறிப்பு ஆளுகளோட நடந்து மலைக்குப் போயிரு. முடியலைன்னா சொல்லு, வேற ஆளை அனுப்புறேன்" என்றார்.

நான் இடிந்துபோனேன். மலை வேலை போனால் கடையில் என் இடமும் போகும். அன்று முழங்கால் போட முடியாமல் சுவரில் சாய்ந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, காலைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. கம்பைத் திருப்பித் தாரும்."

மலையேற வேண்டிய திங்களுக்கு முந்தின ஞாயிறு அறுப்புப் பண்டிகை. காணிக்கையாக வந்த பொருள்களை ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவது நம் சபை வழக்கம். பூசணிக்காய், கரும்பு, சேவல் எல்லாம் போனபின், தாவீது அண்ணன் சுவரில் தொங்கிய என் கம்பையும் காணிக்கைக் கணக்கில் சேர்த்துத் தூக்கிப் பிடித்தார். யாராவது எடுத்துக்கொண்டு போனால் அதோடு முடிந்தது.

"கர்த்தர் தேவையில்லைன்னு தள்ளின கம்பு. யார் கேக்குறது?"

ஏலத்துக்கு வந்திருந்த முதலாளி, கடையில் மாட்டுவதற்காக ஒரு ரூபாய் கேட்டார். ராசிங்காபுரத்திலிருந்து சேவல் வாங்க வந்திருந்த வீரணன் என்ற வாழைத் தோட்டச் சம்சாரி ஒண்ணேகால் கேட்டார். நம் சபையைச் சேராதவர். வாழைக்கு முட்டுக் கொடுக்க அவருக்குக் கம்பு தேவைப்பட்டது.

நான் கையைத் தூக்கி ஒன்றரை என்றேன்.

முற்றம் அடங்கிவிட்டது. விற்ற சேவல் மட்டும் கூவியது.

"உனக்கு எதுக்குப்பா?" என்றார் தாவீது அண்ணன்.

"நடக்கிறதுக்குண்ணே."

வீரணன் திரும்பி என்னைப் பார்த்தார். காலைப் பார்த்தார். உலக்கையைப் பார்த்தார்.

"ஏப்பா, கம்புக்குச் சொந்தக்காரரு உலக்கையை ஊண்டிக்கிட்டு நிக்கிறாரு. அவரு கம்பை அவருக்கே ஏலம் விடுறீகளா? வெரசா குடுங்கப்பா. என் வாழைக்கு மூங்கி வெட்டிக்கிறேன்."

முதலில் சிரித்தது எஸ்தர். பிறகு முற்றமே சிரித்தது. தாவீது அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து, மாலையோடு கம்பை என் கக்கத்தில் கொடுத்தார்.

"கம்பு வேணும்னு நீ சொல்லியிருக்கலாமேப்பா."

"உங்ககிட்டத்தானேண்ணே சொன்னேன்."

கம்பிலிருந்த மாலையைக் கழற்றினார். "சொன்ன. நான்தான் கேக்கல" என்றார்.

முதலாளி பின்னாலேயே வந்தார். "அப்ப குதிரை?"

"வேணும் முதலாளி."

"முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று முணுமுணுத்தார். திங்கட்கிழமை விடியும்போது குதிரை என் வாசலில் நின்றது.

பிரியமானவர்களே, கர்த்தரால் என் காலைச் சுகமாக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. கேட்டதைக் கொடுத்தார் என்பதே என் சாட்சி. நம் சபையில் ஒருவரும் வாய் திறக்காதபோது, ராசிங்காபுரத்து வாழைத் தோட்டக்காரரைக் கொண்டு பேசினார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இப்போது கோயில் படியில் பிடித்து ஏற ஒரு கைப்பிடி இருக்கிறது. தாவீது அண்ணன் முன்நின்று போட்டது. காணிக்கைப் பை எடுக்கிறவர்களில் நானும் ஒருவன். நான் வரிசையாகப் போவதற்கு நேரமாகிறது. காசைத் தேடி எடுக்க எல்லோருக்கும் அவகாசம் கிடைக்கிறது.

உங்களுக்கு வேண்டியதைக் கர்த்தரிடம் உள்ளபடி கேளுங்கள். பக்கத்தில் இருப்பவருக்காக ஜெபிக்குமுன், அவருக்கு என்ன வேண்டும் என்று அவரையே ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்தப் பண்டிகைக்கு அடுத்த ஜெபக்கூட்டத்தில் தாவீது அண்ணன் முதல்முறையாக என்னிடம், "உனக்கு என்ன விண்ணப்பம்?" என்று கேட்டார்.

"குதிரை கடிக்குதுண்ணே" என்றேன்.

சபை முழுவதும் கண்ணை மூடி, குதிரைக்காக ஊக்கமாக ஜெபித்தது. அது இன்னும் கடிக்கிறது. நான் விசுவாசத்தை விடவில்லை.